எட்டு விளக்கும் எரிகிறது, கோளாறு எங்கே?

யாங்கூன் என்று பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் நாங்கள் ரங்கூன் என்றேதான் சொல்கிறோம். ஊரின் நடுப்பகுதித் தெருக்களில் அண்ணாந்து பார்த்தால் மேல்மாடி முகப்புகளிலிருந்து கயிறுகள் தொங்கும். ஆறு, ஏழு மாடிக் கட்டடம், செங்குத்தான படிக்கட்டு, பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. பேப்பர் போடுகிறவர் கீழே நின்றபடியே கயிற்று நுனியிலுள்ள கிளிப்பில் பேப்பரைச் செருகிவிட்டுப் போவார். வீட்டுக்காரர் மேலிருந்து இழுத்துக்கொள்வார். சில கயிறுகளின் மேல்முனையில் மணி கட்டியிருக்கும். கீழே இழுத்தால் மேலே ஒலிக்கும்.

மணி ஒலித்தால் கயிறு அறவில்லை என்று தெரியும். மூன்றாம் மாடிக் கயிற்றை இழுக்க நாலாம் மாடியில் ஒலித்தால் யாரோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு மணியும் சேர்ந்து ஒலித்தால் வழியில் எங்கோ கயிறுகள் பின்னிக்கொண்டிருக்கின்றன. நெட்வொர்க் கேபிளைச் சோதிக்கக் கடையில் வாங்குகிற சின்ன டெஸ்டர் செய்வதும் இதே வேலைதான். கயிற்றுக்குப் பதில் எட்டுச் செம்புக் கம்பி, மணிக்குப் பதில் எட்டு விளக்கு.

டெஸ்டர் இரண்டு துண்டாகப் பிரியும். பெரிய துண்டில் 9 வோல்ட் பேட்டரி. சின்னதில் பேட்டரி இல்லை, விளக்குகள் மட்டும். கேபிளின் ஒரு முனையை இதிலும் மறு முனையை அதிலும் செருகி ஸ்விட்சைப் போட்டால் இரண்டு பக்கமும் 1, 2, 3 என்று விளக்குகள் வரிசையாக எரிந்து அணையும். உள்ளே சீராகத் துடிக்கும் ஒரு டைமர், ஒவ்வொரு துடிப்புக்கும் தன் அடுத்த காலுக்கு (கம்பி சேரும் உலோக முனைக்கு) மின்னழுத்தத்தை நகர்த்தும் ஒரு கவுண்டர் சிப். எளிய டெஸ்டரில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். ஒன்பதாவதாக ‘ஜி’ என்று ஒரு விளக்கு இருக்கும். அது கேபிளைச் சுற்றியுள்ள உலோக உறைக்கானது. உலோக உறையில்லாத கேபிளில் அது எரியாது, அதற்காகப் பதற வேண்டாம்.

கயிற்றுக்கும் கம்பிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கயிறு ஒன்றே போதும், இழுத்தால் மணி அசையும். மின்சாரமோ போன வழி ஒன்று, திரும்பும் வழி ஒன்று என்று வட்டம் முடிந்தால்தான் ஓடும். பேட்டரி இல்லாத அந்தச் சின்னத் துண்டில் விளக்கு எப்படி எரிகிறது? ஒன்றாம் கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது மற்ற ஏழும் தாழ்ந்த நிலையில் இருக்கும். போன மின்சாரம் விளக்கை எரித்துவிட்டு அந்த ஏழில் கிடைத்த வழியாகத் திரும்பி வருகிறது. அதனால்தான் ஏழு கம்பி அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சினால் அந்த ஒன்றின் விளக்கும் எரியாது. ‘ஒண்ணுகூட எரியல, டெஸ்டர் கெட்டுப்போச்சு’ என்று பலர் பேட்டரியை மாற்றுவது இதனால்தான்.

அறுந்த கம்பி என்றால் அதன் எண் மட்டும் இருட்டாகவே தாண்டிப் போகும். இரண்டும் நான்கும் இடம் மாறியிருந்தால் பெரிய துண்டில் 1, 2, 3, 4 என்று ஓடும்போது சின்னதில் 1, 4, 3, 2 என்று ஓடும். இரண்டு கம்பி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், ஏறிய மின்னழுத்தத்தைத் தாழ்ந்த கம்பி வழியிலேயே இறக்கிவிடுகிறது. அந்த இரண்டு எண்ணும் மறுமுனையில் எரியாது, சில டெஸ்டரில் மங்கலாக எரியும். இந்த மூன்று கோளாறுகளையும் கண்டுபிடிக்க இதைவிட மலிவான, நம்பகமான கருவி கிடையாது. கேபிள் முனையில் நான் எந்த பிளக்கை அடித்தாலும் முதலில் இதில்தான் போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் உளுந்து ஏற்றுமதி செய்யும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். கீழே கிடங்கு, மேலே இரண்டாம் மாடியில் ஆபீஸ். இரண்டுக்கும் நடுவே வேறொருவர் புதுக் கேபிள் இழுத்திருந்தார். சுவரோரமாக வளைந்து வளைந்து நாற்பது மீட்டர் இருக்கும். கிடங்குக் கம்ப்யூட்டரிலிருந்து இருப்புக் கணக்கு மேலே வருவதற்குள் டீ ஆறிவிடும், பாதியில் நின்றும் போகும். போட்டவர் டெஸ்டர் வைத்துக் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். நானும் வைத்துப் பார்த்தேன். எட்டு விளக்கும் வரிசை பிசகாமல் ஓடின.

“எட்டும் எரியுதே தம்பி, பின்ன எங்க கோளாறு?” என்றார்.

“எல்லாக் கம்பியும் போய்ச் சேருது ஐயா. எதோட ஜோடி சேர்ந்து போகுதுன்னு இந்த விளக்குக்குத் தெரியாது” என்றேன்.

கண்ணாடி போன்ற அந்த பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து நிறங்களைப் படித்தேன். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, பச்சை, நீலம்-வெள்ளை, நீலம், பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பார்க்க அழகான வரிசை. இரண்டு முனையிலும் இதே வரிசை. கோளாறு அங்கேதான் இருந்தது.

கேபிளின் வெளி பிளாஸ்டிக் உறையைக் கிழித்தால் எட்டுக் கம்பியும் நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். ஏன் முறுக்க வேண்டும்? ஒரு தகவலை ஒரு கம்பியில் அனுப்பாமல் ஜோடியின் ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். வாங்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பக்கத்து மோட்டாரோ ஜெனரேட்டரோ எழுப்பும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சம அளவில் ஏறினால், கழிக்கும்போது இரைச்சல் காணாமல் போய்விடும், தகவல் மட்டும் மிஞ்சும். சம அளவில் ஏற வேண்டுமானால் ஒரு கம்பி எப்போதும் இரைச்சலுக்கு அருகிலும் மற்றது எப்போதும் தள்ளியும் இருக்கக் கூடாது. முறுக்கினால் ஒவ்வொரு புரியிலும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். டெலிபோன் கம்பிகளுக்காக 1881ல் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்று நம் கேபிளில் நான்கு ஜோடிக்கும் நான்கு விதமான முறுக்கு அடர்த்தி வைத்திருப்பதும் ஒன்றின் பேச்சு மற்றதில் கேட்காமலிருக்கத்தான்.

பிளக்கின் எட்டுக் கால்களில் எவற்றைக் கம்ப்யூட்டர் ஜோடியாக எடுத்துக்கொள்கிறது? 1ம் 2ம் ஒரு ஜோடி, 7ம் 8ம் ஒரு ஜோடி. நடுவில் 4ம் 5ம் ஒரு ஜோடி. அதைத் தாண்டி 3ம் 6ம் ஒரு ஜோடி. இந்த விசித்திரம் டெலிபோன் காலத்துச் சொத்து. டெலிபோன் பிளக்கில் நடுவிலுள்ள இரண்டு காலும் முதல் லைனுக்கானவை, அதை அப்படியே காப்பாற்றி வைத்தார்கள். ஆகவே மூன்றில் பச்சை-வெள்ளை வந்தால் பச்சை நான்கைத் தாண்டி ஆறுக்குப் போக வேண்டும், நீல ஜோடி நடுவில் உட்கார வேண்டும். 568பி என்னும் நிற வரிசை முறையில் சரியான வரிசை இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு.

பெரியவர் வீட்டுக் கேபிளில் 3-6 என்ற ஜோடிக்குப் பச்சை-வெள்ளையும் நீலமும் கிடைத்திருந்தன. ஒன்று பச்சையோடு முறுக்கிக்கொண்டு போகிறது, மற்றது நீலம்-வெள்ளையோடு. சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இரண்டும் வேறு வேறு துணையோடு நாற்பது மீட்டர் நடக்கின்றன. இரைச்சல் சமமாக ஏறாது. அதைவிட மோசம், பக்கத்து ஜோடியின் தகவல் இதில் கசியும். நாங்கள் இதைப் பிரிந்த ஜோடி என்போம். ஒரு முழ நீளக் கேபிளில் இதே தவறு இருந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. நீளம் ஏற ஏறக் கசிவு சேர்ந்துகொண்டே போகும். தகவல் பொட்டலங்கள் கெட்டுப்போய்த் திரும்பத் திரும்ப அனுப்பப்படும், மேலே உட்கார்ந்திருப்பவருக்கு ‘நெட் ஸ்லோ’ என்று தெரியும்.

எளிய டெஸ்டருக்கு இது ஏன் புலப்படுவதில்லை? அது ஒவ்வொரு கம்பியையும் நிதானமாக, நம் கண் தொடர்ந்து பார்க்கிற வேகத்தில், தட்டிப் பார்க்கிறது. 1999ல் தரப்படுத்திய செம்புக் கம்பி கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பு ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 12.5 கோடி முறை மின்னழுத்தத்தை மாற்றுகிறது. அந்த நிதானத்தில் கசிவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, இந்த வேகத்தில் கசிவே பெரும்பாடு. கயிற்றை மெல்ல இழுத்து மணியைக் கேட்டவருக்கு, அதே கயிறு கூடை நிறையச் சாமானைத் தாங்குமா என்று தெரியாதல்லவா.

இரண்டு பிளக்கையும் வெட்டியெறிந்து சரியான வரிசையில் போட்டேன். ஒரு காரியத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன்: பிளக்குக்குள் நுழைவதற்காக முறுக்கைப் பிரிக்கும் நீளம் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வசதிக்காக இரண்டு விரல் அகலம் பிரித்துவிட்டுப் பிறகு உறையில்லாத வாலோடு கிரிம்ப் செய்வது, அதாவது பிளக்கை அழுத்திப் பொருத்துவது, நம் ஆட்களிடம் சகஜம். அந்த வாலும் ஒரு சின்னப் பிரிந்த ஜோடிதான். டெஸ்டரில் மறுபடியும் முன்பு ஓடியபடியே எட்டு விளக்கும் ஓடின. கம்ப்யூட்டர் திரையில் இணைப்பு வேகம் மட்டும் 100 மெகாபிட்டிலிருந்து 1000க்கு ஏறியிருந்தது. அந்த எண்ணைப் பார்க்கக் காசு செலவில்லை. டெஸ்டரை வைத்தபின் அதையும் பாருங்கள்.

விளக்குக்குத் தெரியாத இன்னொன்று கம்பியின் உலோகம். மலிவு விலைப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பைப் போல் ஏறக்குறைய 60 சதவீதம்தான் மின்சாரத்தைக் கடத்தும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல செம்பு ஜோடி 100 மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் 17 ஓம் தடை காட்டும். அலுமினியத்தில் அது 26க்கு மேல் போகும். விளக்கோடு தொடராக ஏற்கெனவே நூற்றுக்கணக்கான ஓம் தடை இருப்பதால் இந்த ஒன்பது ஓம் அதற்கு உறைக்காது. கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கண்காணிப்பு கேமராவுக்கு நன்றாக உறைக்கும். பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இரவில் தன் அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டதும் அணைந்து அணைந்து எழுந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கம்பியைத்தான். ஒரு முனையில் ஜோடியைச் சேர்த்து முறுக்கிவிட்டு மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தால் விடை கிடைக்கும். இன்னும் சுலபம், பிளேடால் கம்பியைச் சுரண்டுவது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

கேபிள் வழியாக மின்சாரம் தரும் நெட்வொர்க் ஸ்விட்சில் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டியில்) எளிய டெஸ்டரை ஒருபோதும் செருகாதீர்கள். அங்கே 48 வோல்ட் அளவில் இருக்கும், 9 வோல்ட்டுக்குச் செய்த டெஸ்டர் கருகலாம். இரண்டு முனையையும் கழற்றிவிட்டே சோதியுங்கள். ரங்கூனில் இதற்கு வசதியான நேரம் கரண்ட் போன நேரம். டெஸ்டருக்குப் பேட்டரி போதும், கடைக்காரருக்கும் அப்போது வேறு வேலை இருக்காது. மழைக்காலத்தில் பிளக்கின் தகடுகள் பச்சை பூத்துப் போவதால் விட்டு விட்டு வரும் கோளாறுகள் அதிகம். விளக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கின் கழுத்தை மெல்ல அசைத்துப் பார்த்தால் கண் சிமிட்டும் எண் எது என்று தெரிந்துவிடும்.

அறுந்தது தெரிகிறது, எங்கே அறுந்தது? இதற்கும் கயிறுதான் பாடம். கயிற்றின் மறுமுனையைத் தூணில் கட்டி இந்த முனையை ஒரு சுண்டு சுண்டினால் ஒரு மேடு ஓடிப்போய்த் தூணில் மோதித் தலைகீழாகத் திரும்பி வரும். முனை கட்டாமல் தளர்வாக இருந்தால் மேடு மேடாகவே திரும்பும். கேபிளில் ஒரு மின் துடிப்பை அனுப்பினாலும் இப்படித்தான். அறுந்த இடத்திலிருந்து நேராகவும், கம்பிகள் ஒட்டிய இடத்திலிருந்து தலைகீழாகவும் எதிரொலி வரும். துடிப்பு கேபிளில் நானோநொடிக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஓடும். 300 நானோநொடியில் எதிரொலி வந்தால் போகவர 60 மீட்டர், அறுந்த இடம் 30 மீட்டர் தூரத்தில். இந்த வித்தை இப்போது பல நெட்வொர்க் ஸ்விட்சுகளின் உள்ளேயே இருக்கிறது. ங்வே சாங் கடற்கரையில் ஏறும் கடலடிக் கேபிளில் கோளாறு வந்தாலும் ஒளித் துடிப்பை அனுப்பி இதே எதிரொலிக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

பெரியவர் கிடங்கில் இன்னொரு வேலையும் இருந்தது. மேலேயிருந்து இறங்கும் பழைய கேபிள்கள் ஒரு கத்தை, எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஒலி டெஸ்டர் உண்டு. ஒரு முனையில் கீச்சென்ற ஒலி அலையை ஏற்றிவிட்டு, பேனா போன்ற கருவியைக் கத்தை மேல் நகர்த்தினால், உறையைக் கிழிக்காமலேயே உரிய கேபிளின் அருகில் அது கீச்சிடும். கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தை அது பிடிக்கிறது. இரண்டு கிளிப்பையும் ஒரே ஜோடியில் மாட்டினேன். சத்தம் மிக லேசாக வந்தது. முறுக்கு தன் வேலையைச் செய்து மின்புலத்தை அடக்கிவிட்டது. ஒரு கிளிப்பை ஆரஞ்சிலும் மற்றதைப் பழுப்பிலும் மாற்றினேன். உளுந்து மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பேனா கணீரென்று கத்தியது.