படுக்கையறையில் சாக்கடை வாடை: டைல்ஸை உடைக்கும் முன்

"எலிதான் எங்கேயோ செத்துக் கிடக்குதுன்னு நினைச்சோம் சார்" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடி, ஆறாவது மாடி. தை மாதம். பத்து நாளாகப் படுக்கையறையில் அழுகிய முட்டை வாடை. கட்டிலை நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள், பரணைக் காலி செய்திருக்கிறார்கள். எலி இல்லை. அதற்குள் யாரோ வந்து ஒட்டியுள்ள குளியலறையில் நாலு டைல்ஸைப் பெயர்த்து, புது நானி ட்ராப் (தரைத் தண்ணீர் வடிகிற வாய்க்கு அடியில் இருக்கும் வளைவு) வைத்து, சிமென்ட் பூசிவிட்டுப் போய்விட்டார். வாடை மட்டும் போகவில்லை.

வாடை என்று யார் கூப்பிட்டாலும், எங்கே என்று கேட்பதற்கு முன் எப்போது என்று கேட்பேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "காலையில அவர் குளிச்சு முடிச்சதும் வரும். மத்தியானம் இருக்காது. குளியலறைக்குள்ள போய் நின்னா சுத்தமா வராது சார்." பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

குளித்து முடித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. குளிர் என்று ஜன்னலும் அறைக் கதவும் சாத்தியிருக்கின்றன. ஃபேன் வெளியே தள்ளுகிற அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்துதான் ஆகவேண்டும். நல்ல வழி அடைபட்டிருந்தால் சாக்கடைக் குழாயிலிருந்துகூட அது இழுத்துக்கொள்ளும்.

சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது மேலே தெரிகிற ஜாலியோ மூடியோ இல்லை. ட்ராப்பின் வளைவில் நிற்கிற 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலத் தண்ணீர்தான் பூட்டு. அது வற்றினால் வீடும் சாக்கடையும் ஒன்றுதான்.

ஃபேனை ஓடவிட்டு, டிஷ்யூ பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு வாயிலும் பிடித்துப் பார்த்தேன். (ஊதுபத்தி வேண்டாம். சாக்கடைக் காற்றில் தீப்பற்றக்கூடிய மீத்தேனும் இருக்கும்.) நானி ட்ராப்பில் அசைவில்லை. வாஷ்பேசினிலும் இல்லை. பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, ஏசியின் தண்ணீர்க் குழாயைச் சுவரிலிருந்து உருவினேன். சுவருக்குள் இருந்த குழாயின் வாயில் பிடித்ததும் நாடா என் முகத்தை நோக்கிப் படபடத்தது. வாடையும் குப்பென்று வந்தது.

கட்டும்போதே ஏசித் தண்ணீருக்கான குழாயைச் சுவருக்குள்ளேயே கொண்டுபோய், குளியலறைக் கழிவுக் குழாயில் ட்ராப்பைத் தாண்டி இணைத்துவிட்டிருக்கிறார்கள். கோடையில் ஏசி ஓடும்போது குழாய் தொய்ந்த இடத்தில் தண்ணீர் நின்று தற்செயலாகப் பூட்டாக இருந்திருக்கிறது. மார்கழியில் ஏசியை நிறுத்தினார்கள், தையில் அது வற்றிவிட்டது. சுவர்க் குழாயின் வாயை அடைக்க ஓர் எண்ட் கேப், ஏசித் தண்ணீருக்குப் பால்கனி வரை மூன்று மீட்டர் புதுக் குழாய். அரை மணி நேர வேலை. உடைத்த நாலு டைல்ஸுக்குத்தான் இன்றுவரை அதே நிறத்தில் கிடைக்கவில்லை.

எல்லா வீட்டிலும் ஏசிதான் காரணம் என்று சொல்லவில்லை. அடிக்கடி நான் பார்ப்பது, யாரும் புழங்காத விருந்தினர் குளியலறைதான். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் முதலில் நானி ட்ராப்பில் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. சிங்குக்கு அடியில் நெளிகுழாயைச் சுவர்க் குழாயில் சும்மா சொருகியிருப்பார்கள், அந்த இடைவெளிக்கு ரப்பர் காலர் போதும். மேல் வீட்டில் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் ட்ராப்பில் களக் களக்கென்று சத்தம் கேட்டால், மொட்டை மாடிக்குப் போய், கழிவுக் குழாய்க்குக் காற்று விடுகிற வென்ட் குழாயைப் பாருங்கள். கொசுவுக்குப் பயந்து யாராவது அதைக் கட்டிவைத்திருப்பார்கள். காற்று உள்ளே வர வழியில்லாததால், குழாயில் விழுகிற தண்ணீர் உங்கள் ட்ராப் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது.

சமையலறைப் பக்கம் வாடை வந்தால் முதலில் கேஸைச் சந்தேகப்படுங்கள். சமையல் எரிவாயுவுக்குத் தனியாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று மெர்கேப்டன் கலக்கிறார்கள். அதுவும் கந்தகச் சேர்மம் என்பதால் சாக்கடை வாடையோடு குழம்பிவிடும். எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்குப் பேசுங்கள்.

அப்புறம், வாடை போகட்டும் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றவே ஊற்றாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது நுரையீரலை அரித்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. வீட்டில் நமக்குத் தெரிவது மிகச் சிறிய அளவு. செப்டிக் டேங்கில் அது அதிகமாகத் தேங்கும்போது மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாமல் போகும். உள்ளே எட்டிப் பார்த்தவர் "ஒண்ணும் நாத்தம் இல்லையே" என்று சொல்லிவிட்டு இறங்குவார், மூச்சு நின்றுவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் போய்விடுவார். பாதுகாப்பில்லாமல் மனிதரை டேங்கில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இப்படி நடக்கும் சாவுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் ஆட்கள் இறங்குவது நிற்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு குடியிருப்பில் இதே வாடைப் புகாருக்குப் போனேன். நான் போய்ச் சேரும்போது டேங்க் மூடி திறந்திருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு தம்பி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "வேண்டாம் தம்பி, அவிழ்த்துடுங்க" என்றேன். "அரை மணி நேர வேலைண்ணே, காசு பேசியாச்சு" என்றார். அசோசியேஷன் செயலாளரிடம் பேசி, அந்தக் காசை அவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு, செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420-ஐ அழைத்தோம். உறிஞ்சும் லாரி வர மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை அந்தத் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே தன் பெண் குழந்தையின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார்.