பிளஸ் டூ போதுமா? விமானியாக விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமக்கல்லில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். இரண்டு லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறவர். மகன் பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு விமானியாகியே தீருவேன் என்று நிற்கிறான். பயிற்சிப் பள்ளியில் உடனே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். பையனின் தாய்மாமனோ, முதலில் பி.இ. முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார். “சார், பட்டம் இல்லாமல் விமானம் ஓட்ட விடுவார்களா? விட்டாலும் அது சரிதானா?” என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏர்பஸ் ஏ320 ஓட்டி வருகிறேன். கடந்த சில ஆண்டுகளாகப் புதிய துணை விமானிகளுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். இந்த இரண்டு கேள்விகளும் மாதத்துக்கு நான்கைந்து முறையாவது என்னிடம் வருகின்றன.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. விடுவார்கள். இந்தியாவில் வணிக விமானி லைசென்ஸ் பெறப் பட்டப்படிப்பு தேவையில்லை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இயற்பியலும் கணிதமும் படித்துப் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளில் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வாங்க வேண்டும். வானொலித் தொடர்புக்கான உரிமமும், முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும். பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்த பிள்ளைகள்கூட இயற்பியலையும் கணிதத்தையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் தனியாக எழுதித் தேறிவிட்டு வருகிறார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த கேப்டன்களில் சிலர் பத்தாம் வகுப்போடு இந்தத் துறைக்குள் வந்தவர்கள். அந்தக் காலத்து விதி அதற்கு இடம் கொடுத்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும், ஏனென்றால் இதில் பலர் ஏமாந்து நிற்பதைப் பார்க்கிறேன். பி.எஸ்சி. ஏவியேஷன், பி.பி.ஏ. ஏவியேஷன் என்று பல கல்லூரிகளில் படிப்புகள் இருக்கின்றன. விளம்பரத்தில் சீருடையும் தொப்பியும் அணிந்த விமானியின் படம் இருக்கும். அந்தப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு யாரும் விமானி ஆக முடியாது. விமான நிலைய நிர்வாகம், சரக்குப் பிரிவு, பயணிகள் சேவை போன்ற வேலைகளுக்கு அது உதவலாம். லைசென்ஸ் கொடுப்பது டி.ஜி.சி.ஏ. மட்டுமே, அதற்குரிய பறப்பு நேரம், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் விமானத்துக்குள் உட்கார்ந்து சேர்க்க வேண்டியது. மூன்று ஆண்டுகள் கட்டணம் கட்டிவிட்டு, “அடுத்து எப்போது சார் விமானம் ஓட்டக் கொடுப்பார்கள்?” என்று என்னிடம் கேட்ட பெண்ணின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் கனமானது. காக்பிட்டில், அதாவது விமானி அறையில், உட்காரும் ஒருவருக்கு எவ்வளவு படிப்பு தேவை?

ஒரு நவம்பர் இரவு. வடகிழக்குப் பருவமழை. சென்னையில் 07 ஓடுபாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 23 வயது. பிளஸ் டூ முடித்த கையோடு பயிற்சிக்குப் போனவர். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து காற்றின் விவரம் வந்தது: 040 டிகிரியில் இருந்து 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல். அவர்கள் சொல்லி முடித்த அடுத்த நொடியே, “இடது பக்கம் பத்து நாட் குறுக்குக் காற்று, சார்” என்றார். ஓடுபாதையின் திசை ஏறக்குறைய 070. காற்று வரும் திசை 040. வித்தியாசம் 30 டிகிரி. சைன் 30 என்பது அரை. இருபதில் பாதி பத்து. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் முக்கோணவியல் அட்டவணைதான் அது. கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருக்கும்போது, ஈர ஓடுபாதைக்கு நிறுவனம் வைத்திருக்கும் குறுக்குக் காற்று வரம்புக்குள் நாம் இருக்கிறோமா இல்லையா என்பதை அந்த அட்டவணையே சொல்லிவிடுகிறது.

இறக்கத்தைத் தொடங்கும் கணக்கும் அப்படித்தான். 36,000 அடியில் பறந்தால், ஆயிரங்களை மூன்றால் பெருக்கு: விமான நிலையத்துக்கு 108 கடல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். டெல்லியில் இருந்து சென்னைக்கு வரும்போது நெல்லூருக்கு வடக்கே எங்கோ இறக்கம் தொடங்கியிருக்க வேண்டும். பின்காற்று இருந்தால் இன்னும் சற்று முன்னதாக. கணினி இதையெல்லாம் போட்டுத் திரையில் காட்டும். ஆனால் கணினி தவறாகக் காட்டும் நாளில், அது தவறு என்று தெரிவதற்கு மனக்கணக்கு வேண்டும். இந்த மனக்கணக்குக்குப் பட்டம் வேண்டியதில்லை. பிளஸ் டூவில் இயற்பியலையும் கணிதத்தையும் நெட்டுருப் போடாமல் புரிந்து படித்திருந்தால் போதும். அந்த இரண்டு பாடங்களை மட்டும் யாருக்காகவும் தளர்த்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் பாவனைக் கருவியான சிமுலேட்டரில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் ஏர் பிரான்ஸ் 447 விழுந்து 228 பேர் இறந்தார்கள். வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்து, வேகமானிகள் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் நம்ப முடியாதவையாக ஆயின. அதன் பின் விமானத்தின் மூக்கு மேலே தூக்கப்பட்டது. விமானம், இறக்கைகள் அதை மேலே தாங்கும் தாங்குவிசையை இழந்து கடலில் விழுந்தது. அதே கோளாறை எல்லாப் பயிற்சி விமானிகளுக்கும் நாங்கள் சிமுலேட்டரில் கொடுக்கிறோம். நான் ஓட்டும் விமானத்தில், 10,000 அடிக்கு மேல் என்றால், மூக்கை 5 டிகிரியில் நிறுத்தி, ஏறுவதற்கான உந்துவிசையை வைக்க வேண்டும். இதை யோசிக்காமல் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஓர் இளைஞர் அன்று என் முன்னே இருந்தார். கோளாறு வந்தவுடன், மூன்று வேகமானிகளில் எது பொய் சொல்கிறது என்று ஆராயத் தொடங்கிவிட்டார். ஆராய்ச்சி சரியான திசையில்தான் போனது. ஆனால் அதற்குள் மூக்கு 12 டிகிரிக்குப் போய்விட்டது. நிறுத்திவிட்டு மறுபடி செய்ய வைத்தேன். இரண்டாம் முறை முதலில் மூக்கு, பிறகு உந்துவிசை, பிறகே ஆராய்ச்சி. வகுப்பறைக்குத் திரும்பியதும், ஏன் 5 டிகிரி, ஏன் அதற்கு மேல் கூடாது என்று அவர் தன்னோடு ஜோடியாகப் பயிற்சி பெற்ற விமானிக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். நான் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். படிப்பு அவருக்குக் கொடுத்தது அந்தத் தெளிவு. முதல் பத்து விநாடிகளை அவருக்குக் கொடுத்தது திரும்பத் திரும்பச் செய்த பயிற்சி.

அமெரிக்காவிலும் இந்த வாதம் பல்லாண்டுகளாக நடந்தது. பெரிய நிறுவனங்கள் நான்காண்டுப் பட்டத்தை வழக்கமாக எதிர்பார்த்தன. 2022 ஜனவரியில் டெல்டா நிறுவனம் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டு, பட்டம் இருந்தால் நல்லது என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அங்கே இன்னொரு விதியும் உண்டு. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் கட்டாயம் ஆனது. விமானத் துறையில் இளநிலைப் பட்டமும் அதனுடன் இணைந்த பறப்புப் பயிற்சியும் முடித்தவர்களுக்கு 1,000 மணி நேரம் போதும். ஆக, அந்தச் சட்டம் ஒரு பட்டத்துக்கு 500 மணி நேர மதிப்பைக் கொடுத்திருக்கிறது. எந்தப் பட்டத்துக்கும் அல்ல; வரலாறோ வணிகவியலோ படித்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இது எனக்கு நியாயமாகவே படுகிறது. கூடவே ஒன்றையும் மறக்கக் கூடாது. பஃபலோவில் விழுந்த விமானத்தின் கேப்டனும் துணை விமானியும் இருவருமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். தாங்குவிசை குறைகிறது என்ற எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கைக் கீழே இறக்குவதற்குப் பதிலாக மேலே இழுத்தார்.

அப்படியானால் தாய்மாமன் சொன்னது தவறா? இல்லை. அவர் சரியான கவலையைத் தவறான இடத்தில் வைக்கிறார்.

என்னோடு ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஒருவர். 38 வயதில், ஆண்டுதோறும் செய்யும் மருத்துவப் பரிசோதனையில் இதயத்தில் கோளாறு தெரிந்தது. முந்தைய நாள் கொச்சிக்குப் போய்த் திரும்பி வந்தவர். எந்த வலியும் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. இரண்டு ஆண்டுகள் முயன்றும் தகுதிச் சான்று திரும்பவில்லை. நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் அலுவலக வேலை ஒன்று காலியாக இருந்தது. அவரைவிட அதற்குப் பொருத்தமானவர் யாருமே இல்லை. விண்ணப்பப் படிவத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் “பட்டதாரி” என்று அச்சிட்டிருந்தது. அவர் பிளஸ் டூ. பல்லாயிரம் மணி நேரம் பறந்த மனிதரின் விண்ணப்பம் அந்த ஒரு கட்டத்தில் நின்றுபோனது. வீட்டுக் கடன் தவணை நிற்கவில்லை. லைசென்ஸ் பறிபோனால் பணம் தரும் காப்பீட்டையும் அவர் குறைந்த தொகைக்கே எடுத்திருந்தார்.

நாற்பது வயதில் அவர் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்தார். தேர்வுக் கூடத்தில் முன்னாலும் பின்னாலும் இருபது வயதுப் பிள்ளைகள். முதல் நாள் தேர்வு முடிந்து வெளியே வந்து என்னைக் கூப்பிட்டு, “மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிக் கை வலிக்கிறது” என்றார். இப்போது வேறொரு நிறுவனத்தில் விமானப் பாதுகாப்புப் பிரிவில் நல்ல பொறுப்பில் இருக்கிறார். பட்டம் வாங்கிய பிறகே அந்தக் கதவு திறந்தது.

உடம்பு மட்டுமல்ல, நிறுவனமும் கைவிடலாம். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். 2020இல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் விமானங்கள் தரையில் நின்றன. ஜே.ஆர்.டி. டாடாவைச் சிலர் என்னிடம் உதாரணம் காட்டுவார்கள். 1929இல் விமானி லைசென்ஸ் வாங்கினார், 1932இல் கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தானே ஓட்டி வந்தார், கல்லூரிப் பட்டம் பெறாதவர். எல்லாம் உண்மை. ஆனால் பறக்க முடியாமல் போயிருந்தால் அவர் திரும்பிச் செல்ல ஒரு குடும்ப நிறுவனம் இருந்தது. நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்திருப்பவரின் மகனுக்கு அது இல்லை.

ஆகவே நான் சொல்வது இது. சட்டம் விமானிக்குப் பட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டாம். கட்டாயமாக்கினால் மூன்று நான்கு ஆண்டுகளும் சில லட்சங்களும் கூடுதலாகச் செலவாகும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் வெளியே நிற்பார்கள். பறக்கும் திறமையும் அதனால் கூடப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு விமானியும் தனக்காகப் பட்டம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு முன்பே வாங்க வேண்டும் என்பதில்லை. லைசென்ஸ் வாங்கிய பிறகு வேலைக்கு அழைப்பு வரப் பலர் ஓராண்டு, இரண்டாண்டு காத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் சும்மா இருந்து மனம் உடைந்துபோன பிள்ளைகளை நான் அறிவேன். இக்னோவிலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தொலைவில் இருந்தே படிக்கலாம். வேலை கிடைத்த பிறகும் தொடரலாம்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்வதேசப் பறப்புக்கு ஆங்கிலத்தில் ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலையாவது வேண்டும். விமானத்தின் கையேடுகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். பயிற்சிக்குப் போகும் முன் ஓராண்டை ஆங்கிலத்துக்காகவே ஒதுக்கினாலும் அது வீண் அல்ல. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்து இப்போது கேப்டனாக இருப்பவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் இந்த ஒரு விஷயத்தில் கூடுதலாக உழைத்தவர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவப் பரிசோதனை. பயிற்சிச் செலவு இன்றைக்கு ஐம்பது லட்சத்தைத் தாண்டுகிறது. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் என்ற தகுதியைப் பெறும் செலவு அதற்கு மேல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் பாட்டியின் நகைகளை அடகு வைத்துப் பயிற்சிப் பள்ளியில் ஐந்து லட்சம் முன்பணம் கட்டியது. அதன் பிறகு பையனை மருத்துவரிடம் அனுப்பினார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்களைப் படிக்கும் பரிசோதனையில் அவனால் பல பக்கங்களைப் படிக்க முடியவில்லை. சிவப்பும் பச்சையும் குழம்பும் பார்வை. பதினெட்டு வயதுவரை அவனுக்கே அது தெரியாது. பள்ளி பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது. டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை, முடிந்தால் அதைத் தொடர்ந்து முதல் வகுப்புப் பரிசோதனை. இவை முடியும்வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

நாமக்கல்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். பரிசோதனை முடிந்துவிட்டது, நிறம் பார்ப்பதில் குறையில்லை, ஆனால் தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடச் சொல்லிவிட்டார்கள் என்றார். குரல் தளர்ந்திருந்தது. “கண்ணாடி போட்டால் அவ்வளவுதானா சார்?” என்று கேட்டார். நானே கண்ணாடி போட்டுத்தான் ஓட்டுகிறேன், காக்பிட்டில் மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி என்றேன். போனைப் பையனிடம் கொடுத்தார். அவன் முதலில் கேட்டது, தொலைநிலைக் கல்வியில் என்ன பாடம் எடுக்கலாம் என்று.