ஸ்பிரிங்கில் கட்டிங் மெஷின் வைக்காதீர்கள்

போன வாரமும் ஒன்று வந்தது. சிவப்பு நிற போலோ கார், பார்க்க அழகாகத்தான் இருந்தது. “அண்ணா, ஸ்டீயரிங் லேசா ஆடுது, அலைன்மென்ட் மட்டும் பார்த்துடுங்க” என்றார் தம்பி. ஜாக்கியில் ஏற்றிச் சக்கரம் தொங்கியதும் முன்பக்க ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். திரும்பியது. சீட்டில் இறுகி உட்கார்ந்திருக்க வேண்டிய ஸ்பிரிங், விரலால் தள்ளினாலே டக் டக்கென்று மேலும் கீழும் ஆடுகிறது. கீழ் முனையில் கட்டிங் மெஷினால் அறுத்த தடம், அதைச் சுற்றி இரும்பு நீலம் பாய்ந்து கிடக்கிறது. சக்கரம் மேலே ஏறும்போது கடைசி இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கை மூடியிருக்கும் உறைக்குள் குவிந்திருக்கிறது. ஷாக்கில் ஆயில் கசிந்து புழுதி அப்பியிருக்கிறது. டயரின் உள் ஓரத்தில் கம்பி தெரிகிறது. வெளியே நின்று பார்த்தால் அதே டயர் புதுசு மாதிரி இருக்கும்.

மறுநாள் நண்பர்களோடு வால்பாறை போவதாகத் திட்டம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம்தான். பரவாயில்லை.

கோயம்புத்தூரில் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் எவரையும் கேளுங்கள், இதே கதையைத்தான் சொல்வார்கள். ஸ்விஃப்ட், போலோ, ஐ20 என்று சின்ன வண்டிகளை ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓட்ட ஆசைப்படுவதில் தப்பே இல்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு, அதனால்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆனால் அந்த ஆசையோடு வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் முதலில் கை வைப்பது ஸ்பிரிங்கில், அதை அறுத்து வண்டியைத் தாழ்த்துகிறார்கள். காரணம் ஒரே ஒரு நம்பிக்கை: “வளைவில் வண்டி சாயுது. சாய்ந்தால் பிடிப்பு போயிடும். இறக்கி இறுக்கிவிட்டால் ஒட்டிக்கிட்டு நிற்கும்.”

இதை ஒருமுறை நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள வண்டி, எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பில் 0.6 மடங்கு பக்கவிசை வருகிற மாதிரி, அதாவது நல்ல வேகத்தில், வளைவில் திருப்புகிறீர்கள். உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு 200 கிலோ எடை மாறும். இந்த 200 கிலோ, எடை மையத்தின் உயரம், சக்கர இடைவெளி, வேகம் ஆகியவற்றால் தீர்மானமாவது. ஸ்பிரிங் இறுக்கமா இளக்கமா என்பதால் இது மாறுவதே இல்லை என்று சொல்லலாம். கல் மாதிரி இறுக்கினாலும் அதே 200 கிலோதான் மாறும், உங்கள் கண்ணுக்குச் சாய்வு தெரியாது, அவ்வளவுதான்.

சரி, இறக்கினால்? 30 மில்லிமீட்டர் இறக்கினால் அந்த 200 கிலோ 188 ஆகும். லாபம் 12 கிலோ. இதற்காகத்தான் ஆயிரக்கணக்கில் செலவழித்து, முதுகெலும்பையும் டயரையும் கொடுக்கிறீர்கள். அதிலும் நம் சின்ன வண்டிகளில் முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக, கீழே சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்ம் என்ற ஒரே கை. அளவுக்கு மீறி இறக்கினால் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கமாக மேலே தூக்கிக்கொள்ளும், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். சாய்க்கும் நெம்புகோலின் நீளம் கூடிவிட்டது என்று அர்த்தம். சாய்வைக் குறைக்க இறக்கிய வண்டி, அதே ஸ்பிரிங்கில் முன்னைவிட அதிகமாகச் சாயும். ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் கோணமும் மாறிவிடுவதால் குழியில் விழுந்து எழும்போதெல்லாம் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பும். “ஸ்டீயரிங் ஆடுது” என்பது பெரும்பாலும் இதுதான்.

சாய்ந்தாலும் பிடிப்பு போகாது என்பதை நம்பாதவர்கள் மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியைப் பாருங்கள். 1989-இல் வந்தது, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. சின்ன ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உலகம் முழுக்க இதைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். அது வளைவில் நன்றாகவே சாயும். 1962-இல் வந்த லோட்டஸ் எலானும் அப்படித்தான், இளகிய ஸ்பிரிங், அதற்கேற்ற நல்ல ஷாக். செய்தவர்களுக்குச் சாய்வை நிறுத்தத் தெரியாமல் இல்லை. டயர் தரையை விடக்கூடாது என்பதே அவர்களுக்கு முதல் கணக்கு. சாலை ஏறி இறங்கும்போது சக்கரமும் கூடவே ஏறி இறங்கினால்தான் டயருக்குப் பிடிப்பு. ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டால் சக்கரம் மேட்டில் குதித்து, அந்தக் கணத்தில் காற்றில் நிற்கும். காற்றில் நிற்கிற டயர் எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன?

“செட்டிப்பாளையம் கரி டிராக்கில் வண்டியெல்லாம் தரையோடு தரையாகத்தானே ஓடுது” என்று உடனே கேட்பார்கள். அது டிராக். அங்கே வேகத்தடை கிடையாது, பாதாளச் சாக்கடை மூடி கிடையாது, மழைக்குப் பிந்தைய குழி கிடையாது. அதே பந்தயக்காரர்கள் மண் சாலை ராலிக்குப் போகும்போது வண்டியை உயர்த்தி, சக்கரம் நீளமாக ஏறி இறங்கும்படி சஸ்பென்ஷனை மாற்றிக்கொள்கிறார்கள்.

இப்போது வெட்டிய ஸ்பிரிங்குக்கு வருவோம். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தால் இறுக்கம் 20 சதவீதம் கூடும். இது உண்மை, இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். சொல்லாமல் விடுவது இது: பம்ப் ஸ்டாப்பில் இடிப்பதற்கு முன் சக்கரம் மேலே போக முன்பு 80 மில்லிமீட்டர் இருந்து, இப்போது 40 தான் மிச்சம் என்றால், அதே குழியின் அடியை இடிக்காமல் வாங்க ஸ்பிரிங் நான்கு மடங்கு இறுக்கமாக இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்திருப்பது 20 சதவீதம். மீதியை யார் வாங்குவது? பம்ப் ஸ்டாப், ஷாக், ஸ்ட்ரட் மவுண்ட், அப்புறம் பாடி. இதெல்லாம் நேர்ச் சாலையில் சத்தமும் முதுகுவலியும்தான். வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப்பில் இடித்தால் அந்த மூலையின் இறுக்கம் ஒரே நொடியில் பல மடங்காகும், அந்த டயர் பிடியை விட்டுவிடும். முன்பக்கம் இடித்தால் வண்டி திரும்பாமல் நேரே போகும். பின்பக்கம் இடித்தால் வால் வீசும். மலைச் சாலையில் இரண்டில் எது நடந்தாலும் திருத்த இடமிருக்காது.

கேஸ் வெல்டிங் டார்ச்சால் சூடாக்கி ஸ்பிரிங்கை உட்கார வைப்பவர்களும் இருக்கிறார்கள். பதம் போட்ட இரும்பை அப்படிக் காய்ச்சினால் பதம் போய்விடும், ஒருநாள் முறியும். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. செய்யாதீர்கள்.

நிஜமாகவே வண்டி நன்றாகத் திரும்ப வேண்டுமா? காசை இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில் டயர். நல்ல ரப்பர், கம்பெனி சொன்ன அளவு, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள காற்று. பங்க் பையன் வைக்கிற 40 பிஎஸ்ஐ காற்று வேண்டாம். 17 இஞ்ச் கனத்த ரிம் போட்டுவிட்டு ஷாக்கைக் குறை சொல்லாதீர்கள். ரிம்மின் எடையைக் கட்டுப்படுத்தும் வேலையும் ஷாக்குக்குத்தான் போகிறது.

அடுத்தது சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட். ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் லோயர் ஆர்ம் புஷ் மாற்றினாலே பாதிப் பேர் “புது வண்டி மாதிரி இருக்கு” என்கிறார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும், தொழில் செய்பவர்களும் படிப்பதால். ரப்பர் புஷ் மாற்றியதும் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்காதீர்கள். ரப்பர் உள் குழாயோடு ஒட்டியிருப்பது. தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டி இறங்கியதும் அது முறுக்கியபடியே காலம் முழுக்க நிற்கும், சில மாதத்தில் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. ஐந்து நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அப்புறம் நல்ல ஷாக், நான்கும். அப்புறம் அலைன்மென்ட். இவ்வளவும் முடித்து, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, இன்னும் போதவில்லை என்றால்தான் ஸ்பிரிங். அதுவும் உங்கள் மாடலுக்கென்றே செய்த செட், அதற்குப் பொருந்துகிற ஷாக்கோடு, 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல், மாட்டியதும் மறுபடி அலைன்மென்ட். காயில்ஓவர், அதாவது உயரத்தையும் இறுக்கத்தையும் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட், வாங்கியவர்கள் அதிலுள்ள திருகை உச்சத்துக்குத் திருகி ‘ஹார்ட்’ என்று விடாதீர்கள். நம் சாலைக்கு இளக்கமான பக்கம் தொடங்கி, இரண்டிரண்டு கிளிக்காகக் கூட்டிப் பாருங்கள். பின்பக்கம் தடித்த ஆன்டி ரோல் பார், அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி, போட்டால் முன்சக்கரம் இழுக்கும் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும், உண்மைதான். ஈரச் சாலையில் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுற்றவும் செய்யும். அதைச் சமாளிக்கத் தெரியாதவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை.

ஏற்கெனவே வெட்டியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை, கொண்டு வாருங்கள். எந்தக் கடையிலும் கொடுத்து ஒரிஜினல் ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் ஜோடியாகப் போடுங்கள், பம்ப் ஸ்டாப்பும் சேர்த்து. பழைய இரும்புக் கடையில் எடுப்பதானால் அதே மாடல், அதே இன்ஜின் வண்டியிலிருந்து எடுங்கள். டீசல் ஸ்பிரிங்கும் பெட்ரோல் ஸ்பிரிங்கும் ஒன்றல்ல. வீடியோ பார்த்து வீட்டிலேயே கழற்ற நினைப்பவர்கள் ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் தொடாதீர்கள். நல்ல ஸ்பிரிங் அந்த நட்டுக்குக் கீழே அமுங்கிக் கிடக்கிறது, அவிழ்ந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும்.