வெள்ளிக்கிழமை அறிக்கையைப் பார்த்து திங்கட்கிழமை மல்லாட்டை காய வைக்காதீர்கள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஓர் அம்மா, ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். சித்திரையில் செடி பிடுங்கி, ஆள் வைத்துக் காய் ஆய்ந்து, களத்தில் பரப்பியிருந்தார். விவசாயிகளுக்கு செவ்வாயும் வெள்ளியும் வானிலை ஆலோசனை எழுதுவது என் வேலை. அந்த வெள்ளிக்கிழமை நான் எழுதியது "ஓரிரு இடங்களில் லேசான மழை". திங்கட்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மலைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, படுதா எடுத்து மூடுவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். வாரிக் குவித்திருந்ததில் மேல்காய் காய்ந்துதான் இருந்தது, உள்ளே கையை விட்டால் கதகதவென்று சூடு. உடைத்துப் பார்த்த காய்களில் சிலவற்றில் பருப்பின் நுனியில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. "லேசான மழைன்னு தானே சார் போட்டீங்க?" என்றார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அவருக்கு அன்றைக்கு நின்றபடி சொன்ன பதில் போதவில்லை, அதனால்தான் இது.

நாளைக்கு மழை வருமா என்று கம்ப்யூட்டர் மாடல் கணக்குப் போட வேண்டுமென்றால், இன்றைக்குக் காற்றில் எவ்வளவு ஈரம், மண்ணில் எவ்வளவு ஈரம் என்று முதலில் அதற்குத் தெரிய வேண்டும். ஈரம்தான் இடிமழையின் எரிபொருள். ஒரு கிராம் நீராவி குளிர்ந்து துளியாகும்போது சுமார் 600 கலோரி வெப்பத்தை விடுகிறது, அந்தச் சூட்டில்தான் மேகம் மேலே மேலே எழும்புகிறது. ஈரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கணக்கில் போட்டால் 'லேசான மழை' என்று வரும், கொட்டப்போவது கனமழையாக இருக்கும்.

வேலூரின் ஈரத்தை யார் அளக்கிறார்கள்? காற்றின் ஈரத்தை உயரம் வாரியாக அளக்கும் பலூனை நமக்கு அருகில் விடும் இடம் சென்னை மீனம்பாக்கம், அப்புறம் காரைக்கால். வழக்கமாகக் காலை ஐந்தரைக்கு, மாலை ஐந்தரைக்கு. இரண்டும் கடலோரம். நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, மூன்று பக்கமும் குன்று சூழ்ந்து, கத்திரி வெயிலில் வெந்துகொண்டிருக்கும் நம் ஊர்க் காற்றை அந்த பலூன் எப்படிச் சொல்லும்? மாலை பலூன் மேலே போகும் நேரத்தில் ஜவ்வாது மலை மேல் மேகம் பல நாள் ஏற்கெனவே திரண்டிருக்கும். ராடார் இருக்கிறதே என்பீர்கள். ராடார் மழைத்துளியைப் பார்க்கும், துளியாகும் முன் இருக்கும் ஆவியை அதனால் பார்க்க முடியாது.

இந்த இடைவெளியை நிரப்புவது செயற்கைக்கோள். இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் இரண்டும் 36,000 கி.மீ. உயரத்தில் இருந்தபடி அகச்சிவப்புக் கதிரை வைத்து எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று கணிக்கின்றன. ஆனால் மேகம் மறைத்தால் அகச்சிவப்புக்குக் கீழே இருப்பது தெரியாது. அதற்கு மைக்ரோவேவ் வேண்டும். நீராவி 183 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பலமாக உறிஞ்சும் என்பதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் கருவிகள் அவை. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய மேகா-ட்ராபிக்ஸில் அப்படி ஒன்று இருந்தது. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களை ஒரே நாளில் பல தடவை கடந்து போகும்படி அதன் பாதையை அமைத்திருந்தார்கள்.

மண் ஈரம் தனிக் கதை, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் அதுதான். ஈர மண், காய்ந்த மண்ணைவிடக் குறைவாக மைக்ரோவேவ் உமிழும். 2009-ல் ஐரோப்பியர்கள் அனுப்பிய ஸ்மோஸ், 2015-ல் நாசா அனுப்பிய ஸ்மாப் என்ற இரண்டு செயற்கைக்கோள்களும் அதை 1.4 கிகாஹெர்ட்ஸில் கேட்டு, மேல்மண் ஐந்து சென்டிமீட்டரில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்கின்றன. ஐந்து சென்டிமீட்டர் என்றால் மல்லாட்டைக் காய் இறங்கும் ஆழம்! நனைந்த மண் பகலெல்லாம் ஆவி விடும், பக்கத்தில் காய்ந்த கரடு சீக்கிரம் சூடாகிக் காற்றை மேலே தள்ளும். இரண்டும் அக்கம்பக்கத்தில் இருந்துவிட்டால் சாயங்காலத்தில் இடி கிளம்ப அது நல்ல தோது.

அந்த வாரம் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி மலையடிவாரத்தில் ஒரு மழை. வெள்ளிக்கிழமை எழுதிய அறிக்கைக்கு அது எப்படித் தெரியும்? புது அளவுகள் உள்ளே போன பிறகு மாடல் மறுபடி ஓடும், முன்னறிவிப்பு மாறும். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது வெள்ளிக்கிழமை அறிக்கையின் பழைய படம்தான்.

செயற்கைக்கோளுக்கும் எல்லை உண்டு. ஸ்மாப்பின் ஒரு கட்டம் 40 கி.மீ. அளவு, வேலூரும் குடியாத்தமும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடலாம். ஒரே இடத்தை அது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் பார்க்கும். 2025 ஜூலையில் போன நிசார் செயற்கைக்கோள் இதைவிட மிக நுணுக்கமாகப் பார்க்கும், ஆனால் அதே தடத்துக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும். அதனால் எந்த வயலில் பெய்யும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வார்த்தையைக் கவனியுங்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி இருக்கும் இடங்களில் கால்வாசி வரைக்கும் பெய்யலாம் என்று அர்த்தம். நம் ஊருக்கு இல்லை என்று அர்த்தம் இல்லை. அடுத்தது, படத்தை ஃபார்வர்டு செய்யும் முன் தேதியைப் பாருங்கள், இரண்டு நாள் தாண்டியிருந்தால் அனுப்பாதீர்கள். காய் பரப்பும் அன்று காலையில் மேகதூத் செயலியிலோ வானிலை மையத்தின் அறிவிப்பிலோ புதிதாக ஒரு தடவை பாருங்கள், மதியம் 2 மணிக்கு இன்னொரு தடவை. சித்திரை, வைகாசியில் முந்தின நாள் பக்கத்து ஊரில் பெய்திருந்தால், அறிவிப்பு என்ன சொன்னாலும் படுதாவைக் களத்து ஓரத்திலேயே வையுங்கள்.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை எழுதுவதோடு விடுவதில்லை. ஞாயிறு சாயங்காலம் மாடலின் புது ஓட்டத்தைப் பார்த்து, மாறியிருந்தால் குரல் பதிவு அனுப்புகிறேன். அந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, தன் கொல்லையில் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று எனக்குத் திருப்பி அனுப்புகிறார். விரலை வைத்து அளந்து, "ரெண்டு விரக்கடை சார்" என்று.