பழைய கம்ப்ரெஸர்களின் மென்பொருள் வடிவங்கள்: உள்ளே நுழையும் ஒலியளவைக் கவனியுங்கள்

வீட்டு ஸ்டூடியோக்களில் பதிவாகி மிக்ஸிங்குக்காக என்னிடம் வரும் பாடல்களில், குரல் டிராக்கின் மீது, உரத்த இடங்களை அமுக்கி ஒலியளவைச் சமன்படுத்தும் 1176 அல்லது எல்ஏ-2ஏ என்ற பழைய கம்ப்ரெஸர் கருவியின் மென்பொருள் வடிவம் ஏற்கெனவே போடப்பட்டிருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் தவறொன்றும் இல்லை. லட்சக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்க வேண்டிய கருவிகளின் குணம் ஒரு மடிக்கணினியிலேயே கிடைப்பது இளம் இசையமைப்பாளர்களுக்கு உண்மையிலேயே பெரிய வாய்ப்பு. ஆனால் குரலுக்கென்று பெயரிட்ட ஒரு பிரீசெட்டை, அதாவது முன்கூட்டியே சேமித்துவைத்த குமிழ் அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கருவிக்குள் எவ்வளவு ஒலி நுழைகிறது என்பதைப் பார்க்காமலேயே பலர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்த ஒரு கவனக்குறைவுதான் நல்ல பாடகரின் குரலைக்கூடத் தட்டையாக்கிவிடுகிறது.

பில் புட்னம் வடிவமைத்து 1960களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த 1176 கருவியில் த்ரெஷோல்ட் குமிழே கிடையாது. எந்த அளவைத் தாண்டினால் ஒலி அமுக்கப்படும் என்பது உள்ளேயே நிலையாக இருக்கிறது. இன்புட் குமிழைத் திருப்பி ஒலியை அந்த எல்லையை நோக்கி ஏற்றுவதுதான் நம் வேலை. ஆகவே பிரீசெட்டில் சேமித்து வைத்திருக்கும் குமிழ் நிலை என்பது, அதை உருவாக்கியவர் கையில் அன்றிருந்த குரல் பதிவின் அளவுக்கு மட்டுமே பொருந்தும். அதே நிலையில் அவருக்கு 4 டெசிபல் அமுங்கியிருக்கலாம். சத்தமாகப் பதிவான உங்கள் டிராக் 12 டெசிபல் அமுங்கும்.

அனலாக் ஸ்டூடியோக்களில் இதற்கு ஒரு பொது அளவுகோல் இருந்தது. சராசரி ஒலியளவைக் காட்டும் வியு மீட்டரின் முள் பூஜ்யத்தில் நின்றால், கம்பியில் ஏறத்தாழ 1.23 வோல்ட் ஓடுகிறது என்று பொருள். அதற்கு மேலே உச்சங்களுக்கென்று தாராளமான இடமும் இருந்தது. டிஜிட்டலில் பூஜ்யம் என்பது உச்ச வரம்பு. எனவே மென்பொருளை எழுதுபவர்கள் வியு பூஜ்யத்தை டிஜிட்டல் அளவில் ஏதாவது ஓரிடத்தில் பொருத்தியாக வேண்டும். பலர் மைனஸ் 18 டெசிபலைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சிலர் வேறு அளவை வைக்கிறார்கள். கையேட்டில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்தத் தகவல், ப்ளகின் எனப்படும் அந்த மென்பொருளைப் பற்றி நீங்கள் படிக்க வேண்டியவற்றில் முதன்மையானது.

அண்மையில் வந்த ஒரு குரல் டிராக்கை எடுத்துக்கொள்கிறேன். சராசரி அளவு மைனஸ் 9 டெசிபல் அருகில் இருந்தது. எல்ஏ-2ஏ வடிவத்தில் அமுக்கத்தின் அளவைக் காட்டும் முள் வரிக்கும் வரிக்கும் இடைப்பட்ட மௌனத்தில்கூடப் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. பாடகி மூச்சிழுக்கும் ஒலி சொற்களுக்கு இணையாக எழுந்து நின்றது. சகர ஒலிகள் சொரசொரத்தன. குமிழ்கள் எதையும் தொடாமல், கம்ப்ரெஸருக்கு முன்னால், பதிவின் ஒலியளவையே மாற்றும் கிளிப் கெயினில் 9 டெசிபல் குறைத்ததும், முள் உரத்த இடங்களில் 3 முதல் 5 டெசிபல் வரை சாய்ந்து, இடைவெளிகளில் நிம்மதியாகத் திரும்பியது. இதை டிராக்கின் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரில் செய்ய முடியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஃபேடர் பொதுவாக, ப்ளகின்கள் அமரும் இன்ஸர்ட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது, அதைக் குறைத்தால் ஏற்கெனவே நசுங்கிய குரல் சத்தம் குறைந்து கேட்குமே தவிர வேறொன்றும் நிகழாது.

எல்ஏ-2ஏ விஷயத்தில் இது இன்னும் ஆழமானது. 1960களின் தொடக்கத்தில் ஜிம் லாரன்ஸ் உருவாக்கிய இக்கருவியின் உள்ளே, ஒலிக்கேற்ப ஒளிரும் ஒரு சிறு தகடும், அந்த ஒளியில் மின்தடை குறையும் உணரியும் ஒரே உறையில் அடைபட்டிருக்கின்றன. ஒலி தணிந்ததும் அமுக்கத்தின் முதல் பாதி சுமார் 60 மில்லி நொடியில் விலகிவிடும். மீதிப் பாதி விலக அரை நொடியோ பல நொடிகளோ ஆகலாம், ஏனெனில் எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக ஒளி விழுந்தது என்பதை அந்த உணரி நினைவில் வைத்திருக்கிறது. நல்ல மென்பொருள்கள் இந்த நினைவையும் சேர்த்தே பிரதி எடுக்கின்றன. ஆகையால் அளவுக்கு மீறி ஒலியை அனுப்பும்போது அமுக்கத்தின் ஆழத்தோடு அதன் கால அளவும் மாறிவிடுகிறது. மேல் ஸ்தாயியில் நீண்ட கார்வை பிடித்துவிட்டு, தாழ்ந்த குரலில் சரணத்தைத் தொடங்கும் பாடகரின் முதல் சொல் காணாமல் போவது இதனால்தான்.

1176 இதற்கு நேர்மாறாக வேகமானது, அமுக்கம் எவ்வளவு வேகமாகத் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் அதன் அட்டாக் குமிழோ பலரை ஏமாற்றுவது. 1 முதல் 7 வரையுள்ள எண்களில் 7 தான் மிக வேகம், 20 மைக்ரோ நொடி; 1 என்பது 800 மைக்ரோ நொடி. மிக மெதுவான நிலையிலும் ஒரு மில்லி நொடியை எட்டுவதில்லை. அமுக்கம் விலகும் வேகமான ரிலீஸும் அப்படியே: 7 என்றால் 50 மில்லி நொடி, 1 என்றால் 1.1 நொடி. எண் கூடினால் மெதுவாகும் என்று எண்ணி மிருதங்கத்துக்கு 7 வைத்தால், விரல் தோலைத் தொடும் அந்த முதல் கூர்மை அறுந்துபோகும். தனிப்பட்ட முறையில், மிருதங்கத்துக்கு அட்டாக்கை 1-இல் வைத்து, 4:1 ரேஷியோவில் (எல்லையைத் தாண்டும் 4 டெசிபல் 1 ஆகக் குறையும் விகிதத்தில்), முள் அசைவது தெரியும் அளவுக்கு மட்டும் இன்புட்டைக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அசல் கருவிக்கு இல்லாத ஒரு சிக்கலும் மென்பொருளுக்கு உண்டு. வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்க்கும் மேல்சுரங்களை மென்பொருள் கணக்கிட்டு உருவாக்குகிறது; நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அதன் பாதியான 22.05-க்கு மேல் எதற்கும் இடமில்லை. 9 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் மும்மடங்கு மேல்சுரம் 27-இல் விழ வேண்டியது, மடங்கி 17.1-இல் வந்து நிற்கும். அதற்கும் பாட்டின் சுரத்துக்கும் எந்த உறவும் இல்லை. உள்ளே அனுப்பும் அளவு கூடக்கூட இந்த அந்நிய ஒலியும் கூடும். உள்ளே அதிக மாதிரி வேகத்தில் கணக்கிட்டு இதைக் குறைக்கும் ஓவர்சாம்ப்ளிங் வசதி இருந்தால் மிக்ஸிங்கில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தாமதம் கூடுவதால், பாடகர் ஹெட்ஃபோனில் கேட்டுப் பாடும் பதிவு நேரத்தில் அணைத்து வையுங்கள். பழைய கருவியின் இரைச்சலையும் சேர்க்கும் அனலாக் பொத்தானையும் கவனிக்க வேண்டும்: ஒன்றுக்கொன்று தொடர்பற்ற, சம அளவு இரைச்சல் 16 டிராக்குகளில் சேர்ந்தால் மொத்தம் 12 டெசிபல் உயர்ந்துவிடும்.

இத்தனையும் சரியாக அமைத்த பிறகும் நம் காது நம்மைத் தவறாக வழிநடத்தக்கூடும். 1 டெசிபல் கூடுதலாகக் கேட்டாலே அதுதான் சிறந்தது என்று மனம் தீர்ப்பு சொல்லிவிடுகிறது. பல கம்ப்ரெஸர் ப்ளகின்களோ போட்டவுடன் சத்தத்தைக் கூட்டித் தருகின்றன. பாடலின் ஒரு சரணத்தை மட்டும் சுழலவிட்டு, ப்ளகினை பைபாஸ் செய்தாலும் (தற்காலிகமாக விலக்கினாலும்) செய்யாவிட்டாலும் லவுட்னஸ் மீட்டரில் ஒரே அளவு வரும்வரை அவுட்புட் குமிழைச் சரிசெய்யுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பைபாஸ் நிலையே பிடித்திருந்தால் ப்ளகினைக் கழற்றிவிட்டு, அடங்கிப்போகும் சொற்களை மட்டும் வால்யூம் ஆட்டோமேஷனில் கையால் உயர்த்துங்கள்.