சாயம்தானே, உடம்பில் ஏறாதே!

“வேறு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை” என்று முந்தைய நாள் அழுத்திச் சொன்ன பெண். மறுநாள் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை ஏற்றிய சில நிமிடங்களில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 99-இலிருந்து 90-க்கு இறங்கியது. உதடு சிவப்பாகவே இருந்தது, மூச்சும் சீராக இருந்தது. நீலம் ரத்தத்தில் கலந்தால் அந்தக் கருவி ஏமாந்துபோகும். கொஞ்ச நேரத்தில் எண் தானாக ஏறிவிட்டது.

என் வயிற்றைக் கலக்கியது அதற்கு அப்புறம் நடந்ததுதான். மயக்கம் தெளியும் அறைக்கு வெளியே கணவர் பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார். எஸ்சிட்டலோபிராம், மனச்சோர்வுக்கான மாத்திரை. “மனசு சரியில்லைன்னு ஆறு மாசமா சாப்பிடறா. டியூப்ல சாயம் விடறதுக்கும் இதுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?” இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை.

சம்பந்தம் இருக்கிறது. சாயம் குழாயோடு நின்றுவிடும் என்று நினைக்கிறீர்கள். குழாயின் மறுமுனை வயிற்றுக்குள்தான் திறக்கிறது. குழாய் நன்றாக இருந்தால் சாயம் அங்கே வழிந்து கொட்டும். கேமராவில் நாங்கள் பார்ப்பதே அதைத்தான். வயிற்றின் உள்சவ்வு அதை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பும். குழாய் அடைத்திருந்தால் மட்டும் தப்பிவிடுமா? அழுத்தம் கூடும்போது கருப்பையின் ரத்தக்குழாய்கள் வழியாக நேராகவே ரத்தத்தில் ஏறலாம். மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகிறதே, குழாயிலிருந்து சிறுநீரகத்துக்கு அது பறந்தா போனது?

மெத்திலீன் புளூவும் மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் சேர்ந்தால் மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனம் அளவுக்கு மீறி, காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இலேயே எச்சரித்தது. நியாயமாகச் சொல்வதானால், அந்த நிகழ்வுகளில் பெரும்பாலானவை பாராதைராய்டு (கழுத்திலுள்ள சிறு சுரப்பி) அறுவையில் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 8 மில்லிகிராம் வரை ரத்தக்குழாயில் ஏற்றியபோது வந்தவை. குழாய்ச் சோதனையில் போவது நீர்த்த கரைசல், அளவும் குறைவு. அதற்காக, தெரியாமலே ஏற்றுவதா?

உடனே மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து! சொன்னால் போதும். வேறு சாயமோ வேறு சோதனையோ யோசித்துக்கொள்வோம்.

ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருப்பவர்களும் சொல்லியே ஆகவேண்டும். மெத்திலீன் புளூ அவர்களுடைய சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். கர்ப்பம் இல்லை என்று உறுதியானால்தான் எந்தச் சோதனையும்.

கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் இன்னொரு சோதனையான எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரேயில் போவது நீலச் சாயம் அல்ல, அயோடின் கலந்த மருந்து. “மீன், இறால் ஒத்துக்காது, அதனால் வேண்டாம்” என்று ஓடுபவர்களுக்கு: இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. முன்பு இதே மாதிரி ஊசி போட்டபோது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா, அதைச் சொல்லுங்கள். எண்ணெய் வகை மருந்து போட்டால் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு கூடுவதாக நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியது உண்மைதான். ஆனால் அந்த எண்ணெய் மாதக்கணக்கில் வயிற்றில் தங்கி அயோடினைக் கசியவிடும். தைராய்டு தொல்லை இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனையைக் காட்டுங்கள்.

என் சக மருத்துவர்களுக்கும் ஒன்று. அந்தப் பெண்ணிடம் மாத்திரை பற்றி நான் கேட்டபோது பக்கத்தில் நான்கு உறவினர்கள் நின்றிருந்தார்கள். மனநல மாத்திரை என்று அங்கே யார் வாய் திறப்பார்கள்? இப்போதெல்லாம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். அட்டையை எடுத்துவரச் சொல்கிறேன். பெயர் மறந்துபோகும், அட்டை மறக்காது.

வீட்டுக்குப் போனதும் நீலச் சிறுநீரைப் பார்த்து இரவு இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிடவேண்டாம், ஓரிரு நாளில் தெளிந்துவிடும். தெளிந்த பிறகு கருஞ்சிவப்பாக வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, காய்ச்சலோடு கை நடுங்கினாலோ, அப்போது எந்த மணிக்கும் கூப்பிடுங்கள்.