கொமினிகேசன் கடை அண்ணைக்கு முதலே தெரிஞ்ச சங்கதி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு கொமினிகேசன் கடை, அதான் காசு குடுத்து கோல் எடுக்கிற கடை, இருந்தது. 2002 சமாதான காலத்தில கனடாவுக்கும் லண்டனுக்கும் கதைக்க சனம் வாங்கில குந்திக்கொண்டு இருக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள்ள போய் அழுது முடிச்சு வெளியில வந்து பில்லைப் பாத்துத் திரும்ப அழுங்கள். 2011 பக்கம் கடைக்கார அண்ணை ஒண்டைக் கவனிச்சவர்: வாற ஆக்கள் குறையேல்லை, ஆனா ஒரு நிமிசத்தில வெளியில வந்திடினம். ஏனெண்டா "தம்பி, ஸ்கைப்பில வா" எண்டு சொல்லத்தான் கோல் எடுக்கிறது.

உதைத்தான் மெல்லிய சிக்னல் எண்டுறது. 1975ல இகோர் அன்சொப் எண்ட முகாமைத்துவ அறிஞர் எழுதினதின்ர சாரம் என்னெண்டா, சிக்னல் தெளிவாகும்வரைக்கும் காத்திருந்தா அசையிறதுக்கு நேரம் மிஞ்சாது, அதால அரைகுறையாத் தெரியேக்கையே அதுக்கேத்த அளவில சின்னனா எதையாவது தொடங்க வேணும்.

சரி, பெரிய ரெலிபோன் கொம்பனிக்கு ஏன் இது தெரியிறேல்லை? சராசரிதான் மறைக்கும். ஒரு பேச்சுக்கு 100 பேர், ஆளுக்கு ஒரு எஸ்எம்எஸ் எண்டு வைப்பம். 10 இளம் பெடியள் பாதியாக் குறைச்சிட்டாங்கள், மிச்ச 90 பேரும் 10 வீதம் கூட்டிட்டினம். மொத்தம் 104. மேல போற ரிப்போட்டில "4 வீத வளர்ச்சி" எண்டு வரும், எல்லாரும் கேக் வெட்டுவினம், ஆனா நாளைக்கு எல்லாரும் செய்யப்போறதை அந்தப் பத்துப் பேர் இண்டைக்கே செய்துகொண்டு இருப்பாங்கள்.

நெதர்லாந்தில கேபிஎன் எண்ட ரெலிபோன் கொம்பனி இதைப் பிரிச்சுப் பாத்தது. 2011ல தங்கட இளம் வாடிக்கையாளர் பக்கம் வட்ஸ்அப் எஸ்எம்எஸ்ஸை விழுங்குறது வடிவாத் தெரிஞ்சது. கெட்டிக்காரர்தான், ஆனா தாங்கள் மாறாம வட்ஸ்அப்புக்குத் தனிக் காசு அறவிடப் பாத்தினம், சனம் கொதிச்சுப்போய், 2012ல பாராளுமன்றம் அப்பிடி அறவிட ஏலாது எண்டு சட்டமே போட்டுது. தகவல் கையில இருந்தும் பிழைச்ச கேஸ் இது.

அப்ப மாறுறது எண்டா என்ன? மெசின் வாங்குறது லேசு, ஆக்கள்தான் பாடு. செப்புக் கம்பி ரெலிபோன் லைன் பாக்கிற ஒருத்தரை நினைச்சுப் பாருங்கோ. இரைச்சலைக் காதால கேட்டே எந்த ஜொயின்ரில தண்ணி பூந்திருக்கு எண்டு சொல்லுவார், இருவது வருசக் காது அது. இப்ப பைபர் வருது, 125 மைக்ரோமீற்றர் மொத்தமான கண்ணாடி இழையை மெசினுக்குள்ள வைச்சு உருக்கி ஒட்ட வேணும், காதுக்கு அங்க வேலையில்லை. நேற்றைய குரு இண்டைக்கு பழகுற பெடியன். அவர் முறைக்கிறது சோம்பலால எண்டு மனேச்சர் நினைப்பார், உண்மையில அது மானப் பிரச்சினை.

என்ர எண்ணத்தில கனபேர் விடுற பிழை இதிலதான். மாத்தத்துக்குக் குறுக்க நிக்கிற ஆக்கள் எண்டு ஆரைக் கழிச்சுவிடினமோ, மெல்லிய சிக்னல் முதல்ல விழுறது அவையின்ர காதிலதான். மாரிக்கு எந்த மதகு நிரம்பி மான்ஹோலுக்குள்ள வெள்ளம் போகும், எந்த வீட்டுக்காரர் ரெலிபோனைக் கழட்டிப்போட்டு டேட்டா மட்டும் கேக்கினம் எண்டதெல்லாம் அந்த லைன் பாக்கிறவருக்குத்தான் தெரியும். பைபர் பழக்க முதல் அந்த மனிசனை இருத்தி, ஒரு பிளேன்ரீயும் குடுத்து, எந்த ரோட்டில எங்க கேபிளைப் புதைக்கக்கூடாது எண்டு கேட்டா அரைவாசிப் பிளான் அங்கேயே முடிஞ்சிடும், அதோட அவரும் பழக வருவார்.

கடைக்கார அண்ணை இப்ப போன் கவர் விக்கிறார். கண்ணாடிப் பெட்டி இன்னும் கிடக்கு, உள்ளுக்க சார்ஜர் வயர் தொங்குது.